ஒரே ராத்திரியில் 370 கோடி!

பி.காம். படித்தவனுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. அரசாங்க உத்தரவு எதைப் பார்த்தாலும் முதலில் தேதியைத்தான் பார்ப்பான். மார்ச் 31-க்கும் ஏப்ரல் 1-க்கும் நடுவில் எத்தனை கோடி ஓடும் என்று அவனுக்குத் தெரியும்.

லண்டனில் அப்படி ஒரு தேதி, 2020 ஜனவரி 14. அன்றுதான் பிரிட்டனின் வீட்டு வசதி அமைச்சர் ராபர்ட் ஜென்ரிக், 1,524 வீடுகள் கொண்ட ஒரு திட்டத்துக்கு அனுமதி கொடுத்தார். இடம், தேம்ஸ் நதி வளைந்து திரும்பும் ஐல் ஆஃப் டாக்ஸ் பகுதியில் பழைய வெஸ்ட்ஃபெரி அச்சகம். கட்டப்போகிறவர் ரிச்சர்ட் டெஸ்மண்ட். டெய்லி எக்ஸ்பிரஸ் பத்திரிகையின் முன்னாள் முதலாளி.

மறுநாளே அந்த வட்டாரத்தின் டவர் ஹாம்லெட்ஸ் கவுன்சில், புதுக் கட்டடங்கள் கட்டவேண்டிய உள்கட்டமைப்புக் கட்டணத்தை உயர்த்தி முடிவெடுத்தது. பள்ளிக்கூடம், மருத்துவமனை, சாலைக்கெல்லாம் போகிற காசு அது. அமைச்சரின் கையெழுத்து முந்திக்கொண்டதால் டெஸ்மண்டுக்கு மிச்சமானது சுமார் 4 கோடி பவுண்டு. அன்றைய மதிப்பில் ஏறக்குறைய 370 கோடி ரூபாய்! கட்டணம் உயரப்போவது அமைச்சருக்குத் தெரியாதோ என்று நினைக்காதீர்கள். அது வருவதற்குள் உத்தரவு போயாக வேண்டும் என்று அவர் அவசரப்படுத்தியதை அவருடைய அதிகாரிகளே ஈ-மெயிலில் எழுதி வைத்திருக்கிறார்கள்.

இதே இடத்தில் கவுன்சிலை மேலே இருப்பவர்கள் ஓரங்கட்டியது இது முதல் தடவையும் அல்ல. 2016-ல் லண்டன் மேயராக இருந்த போரிஸ் ஜான்சன், ஃபைலைத் தன் மேஜைக்கு இழுத்து 722 வீடுகளுக்கு அனுமதி தந்தார். பதவி முடியப்போகிற நேரம் அது. டெஸ்மண்ட் 2018-ல் அதை இரண்டு மடங்குக்கும் மேலாகப் பெருக்கிக்கொண்டு திரும்பி வந்தார். கவுன்சில் குறித்த காலத்துக்குள் முடிவு சொல்லவில்லை. (தப்புதான். அந்தச் சோம்பலுக்கு நான் வக்காலத்து வாங்கப் போவதில்லை.) விவகாரம் மேல்முறையீட்டுக்குப் போனது. மத்திய அரசு, நாங்களே முடிவெடுக்கிறோம் என்று எடுத்துக்கொண்டது.

அரசு நியமித்த ஆய்வாளர் பொது விசாரணை நடத்தி, எல்லாத் தரப்பையும் கேட்டு, 'வேண்டாம்' என்று அறிக்கை கொடுத்தார். டவர் பிரிட்ஜ், கிரீன்விச் போன்ற பாரம்பரிய இடங்களின் தோற்றத்தை இந்தக் கோபுரங்கள் கெடுக்கும். எளிய மக்களுக்கான வீடுகளும் போதாது என்பது அவர் கருத்து. அமைச்சர் அதை ஒதுக்கிவிட்டுத்தான் அனுமதி தந்தார். சட்டப்படி அவருக்கு அந்த அதிகாரம் உண்டு.

ஆனால் ஒரு தரப்பை மட்டும் அமைச்சர் விசாரணைக்கு வெளியே சந்தித்திருந்தார். 2019 நவம்பரில், லண்டனின் சவாய் ஹோட்டலில் ஆளுங்கட்சிக்கு நிதி திரட்டும் விருந்து. ஒரே மேஜையில் அமைச்சரும் டெஸ்மண்டும். டெஸ்மண்ட் தன் செல்போனில் திட்டத்தின் வீடியோவைப் போட்டுக் காட்டினார். பிறகு இருவருக்கும் நடுவில் எஸ்.எம்.எஸ். பறந்தது. அனுமதி கிடைத்த இரண்டு வாரத்தில் கட்சிக்கு 12,000 பவுண்டு நன்கொடை. நம்ம ஊர்க் கணக்கில் பத்துப் பதினோரு லட்சம். இந்த மலிவு விலையை நினைத்து நம்மூர்ப் புரோக்கர்கள் கண்ணீர் விடுவார்கள்!

'வீடே இல்லாத ஊரில் வீடு கட்ட விடுங்களேன். உள்ளூர்க்காரன் தன் ஜன்னலுக்கு வெளிச்சம் குறையுமே என்றுதான் எதையும் எதிர்ப்பான்' என்று ஒரு வாதம் வரும். அதில் பாதி நியாயம். தனக்கு வீடு கிடைத்ததும் கதவைச் சாத்திக்கொள்ளும் ஆட்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். அவர்களை மீற மேலே ஒரு அதிகாரம் இருக்கத்தான் வேண்டும்.

ஆனால் இங்கே கவுன்சில் கேட்டது என்ன? எளிய மக்களுக்கான பங்கு 35 சதவிகிதம் என்பது அதன் கொள்கை. டெஸ்மண்ட் தர முன்வந்தது 21. கானரி வார்ஃபின் வங்கிக் கோபுரங்கள் நிற்கும் அதே டவர் ஹாம்லெட்ஸ்தான், குழந்தைகளின் வறுமையில் நாட்டிலேயே முன்வரிசையிலும் நிற்கிறது. அங்கே கவுன்சில் வீட்டுக்குப் பெயர் கொடுத்துவிட்டு ஆயிரக்கணக்கான குடும்பங்கள் காத்திருக்கின்றன. 'வீடு வேண்டும்' என்ற கோஷத்தின் மேல் ஏறி வந்த உத்தரவு அவர்களுக்கான பங்கைத்தான் குறைத்தது. கூடவே, பள்ளிக்கூடத்துக்கும் மருத்துவமனைக்கும் போகவேண்டிய காசையும்.

கவுன்சில் கோர்ட்டுக்குப் போனது. 2020 மே மாதம், ஃபைல்களைக் காட்டவேண்டிய கட்டம் நெருங்கியபோது அரசு திடீரென்று பணிந்தது. பாரபட்சம் இருந்ததாகத் தோன்றும், எனவே அனுமதி சட்டவிரோதம் என்று தானே ஒப்புக்கொண்டது. 'தோன்றும்' என்ற வார்த்தையை கவனியுங்க. உண்மையில் பாரபட்சம் இல்லையாம்! ஃபைல்களை வெளியே கொண்டுவர நாடாளுமன்றத்தில் எதிர்க்கட்சி நெருக்க வேண்டியிருந்தது. 2021 செப்டம்பரில் ஜென்ரிக் அமைச்சரவையை விட்டுப் போனார். மறுவிசாரணைக்குப் பிறகு நவம்பரில் திட்டத்தையே அரசு நிராகரித்தது.

நமக்கென்ன இதில் என்கிறீர்களா? நம்முடைய நகரமைப்புச் சட்டங்களே அங்கேயிருந்து வந்த சரக்குதான். தமிழ்நாட்டின் 1971-ம் ஆண்டு சட்டத்தில் 113-வது பிரிவு என்று ஒன்று. எந்த நிலத்துக்கும் கட்டடத்துக்கும் அரசு விலக்கு தரலாம். அப்படித் தந்த 62 ஆணைகளை எதிர்த்து ஒரு நுகர்வோர் அமைப்பு உச்ச நீதிமன்றம் வரை போனது. அதிகாரம் செல்லும், ஆனால் காரணமே சொல்லாமல் இப்படி வாரி வழங்குவதா என்று 2000-ல் நீதிமன்றம் கடிந்துகொண்டது.

மேலிட அதிகாரத்தை ஒழிக்கச் சொல்லி நான் கேட்கவில்லை. கேட்பது ரொம்பச் சின்ன விஷயம். ஆய்வாளர் வேண்டாம் என்றதை அமைச்சர் வேண்டும் என்றால், அந்த ஃபைலில் அதிகாரிகள் எழுதிய குறிப்பு, அமைச்சர் யார் யாரைச் சந்தித்தார், எந்தத் தேதியில், இந்த உத்தரவால் யாருக்கு எவ்வளவு மிச்சம் என்ற கணக்கு, எல்லாம் உத்தரவோடு அன்றைக்கே வெளியே வரட்டும். லண்டனில் அதையெல்லாம் பார்க்க கோர்ட், நாடாளுமன்றம் என்று ஐந்து மாதம் ஆனது. வழக்குப் போட டவர் ஹாம்லெட்ஸிடம் காசாவது இருந்தது. நம்ம ஊரில் ஒரு பேரூராட்சி, கோட்டைக்கு எதிராக வக்கீல் ஃபீஸ் கட்டுமா, சொல்லுங்க?