மறைஞ்சா இல்லைன்னு அர்த்தமா?

இன்டர்னல், அரியர் எல்லாத்தையும் ஓரமா வெச்சுட்டு, ஒரு நிமிஷம் என் பர்த் சர்டிஃபிகேட்டைப் பாருங்க. பிறந்த ஊர் அரியலூர். மாவட்டம்..? பெரம்பலூர்!

மிஸ்டேக் இல்லை பாஸ். பெரம்பலூரில் இருந்து பிரிந்து 2001-ல் அரியலூர் தனி மாவட்டம் ஆனது. 2002-ல் திரும்பவும் பெரம்பலூரோடு சேர்த்துட்டாங்க. 2007 நவம்பர் 23-ல் மறுபடியும் தனி மாவட்டம். நான் பிறந்தது நடுவுல இருந்த அந்த கேப்ல! மாவட்டப் பட்டியல்ல அப்போ அரியலூர் இல்லை. ஆனா சிமென்ட் ஃபேக்டரியும், சுண்ணாம்புக்கல் லாரியும், எங்க வீடும் அங்கேயேதான் இருந்துச்சு.

விண்டோஸ் சாஃப்ட்வேர் எழுதுறவங்ககிட்ட இதைச் சொன்னா, 'அட, இது கொலாப்ஸ்டு!'ம்பாங்க.

அது என்ன? டெஸ்க்டாப் சாஃப்ட்வேருக்கு ஸ்கிரீன் வடிவமைக்க, மைக்ரோசாஃப்ட் 2006-ல் டாட் நெட் 3.0-வோடு கொடுத்தது டபிள்யூ.பி.எஃப். அதுல பட்டன், டெக்ஸ்ட் பாக்ஸ் எல்லாத்துக்கும் 'விசிபிலிட்டி'ன்னு ஒரு குணம் உண்டு. மூணே நிலைதான். விசிபிள்னா கண்ணுக்குத் தெரியும். ஹிடன்னா தெரியாது, ஆனா அதோட இடம் காலியா இருக்கும். டவுன் பஸ்ல கர்ச்சீஃப் போட்டு சீட் பிடிச்ச மாதிரி! கொலாப்ஸ்டுன்னா ஆளும் இல்லை, கர்ச்சீஃபும் இல்லை. பக்கத்துல இருக்கிறவங்க நகர்ந்து உட்கார்ந்துடுவாங்க.

'இது இருந்தா அந்தக் கட்டத்தைக் காட்டு, இல்லைன்னா மறை'ன்னு இடத்துக்கு இடம் கோட் எழுதாம, தகவலையும் ஸ்கிரீனையும் சேர்த்துக் கட்டிவிடுறதுதான் டேட்டா பைண்டிங். தகவல் 'ஆமா'ன்னா விசிபிள், 'இல்லை'ன்னா கொலாப்ஸ்டுன்னு மாத்திக் கொடுக்க, 'பூலியன் டு விசிபிலிட்டி கன்வர்ட்டர்' ரெடிமேடாவே இருக்கு. ஆனா ஒரு கண்டிஷன். தகவல் மாறும்போது, 'நான் மாறிட்டேன்'னு அது குரல் கொடுக்கணும். அந்த ஏற்பாட்டுக்குப் பேர் 'ஐநோட்டிஃபை ப்ராபர்ட்டி சேஞ்ச்டு'. குரல் வரலைன்னா ஸ்கிரீன் பழசையே காட்டிட்டு நிக்கும். எர்ரர் மெசேஜ்கூட வராது.

இங்கேதான் ஐயா சொதப்பினேன்!

மினி ப்ராஜெக்டுக்காக ஒரு ஆபீஸுக்கு ஃபீஸ் என்ட்ரி சாஃப்ட்வேர் எழுதிக் கொடுத்தோம். அதுல 'முதல் பட்டதாரி'ன்னு ஒரு கட்டம். குடும்பத்துல யாருமே டிகிரி முடிக்கலைன்னா, கவுன்சலிங்ல சீட் வாங்கினவங்களுக்கு டியூஷன் ஃபீஸ்ல சலுகை உண்டு. 2010-ல் தமிழக அரசு கொண்டுவந்தது. தகுதி இருக்கிறவங்களுக்கு மட்டும் அந்தக் கட்டம் தெரியணும், மத்தவங்களுக்கு மறையணும். சிம்பிள்!

முதல் நாள். ஜெயங்கொண்டம் பக்கத்துல இருந்து ஒரு ஜூனியர் பொண்ணு, அவங்க அப்பாவோட வந்து நின்னா. கையில முதல் பட்டதாரி சான்றிதழ். ஆபீஸ் அக்கா ஸ்கிரீனைப் பார்த்துட்டு, "உனக்கு அந்தக் கட்டமே வரலையேம்மா... முழு ஃபீஸ்தான் கட்டணும்"னாங்க.

அந்த அப்பா சண்டை போடலை. "கம்ப்யூட்டர்லயே வரலைன்னா என்ன பண்றது... ஊருக்குப் போயி யார்கிட்டயாவது பொரட்டிட்டு வர்றேன்"னு துண்டை உதறித் தோள்ல போட்டுக்கிட்டுக் கிளம்பிட்டார்.

எனக்கு வயித்துல புளியைக் கரைச்சுது. "ஒரு அஞ்சு நிமிஷம் இருங்கப்பா"ன்னு அவரை உட்கார வெச்சுட்டு கோடைத் திறந்தேன். விண்டோ முதல்ல திறந்துடுது. அந்தப் பொண்ணோட தகவல் டேட்டாபேஸ்ல இருந்து அப்புறம்தான் வருது. வந்த தகவலை ப்ராபர்ட்டி வழியா அனுப்பாம, உள்ளே இருக்கிற வேரியபிள்ல நேரா போட்டிருந்தேன். குரல் கொடுக்கிற வரியே ஓடலை! டெஸ்ட் பண்ணினப்போ நானே கையால டிக் அடிச்சதால எல்லாம் சரியா தெரிஞ்சுது. ஒரு வரி மாத்தினேன். கட்டம் வந்துது. அவர் சிரிச்சார். எனக்குத்தான் சிரிப்பு வரலை.

அன்னிக்கு ராத்திரி ரெண்டு விஷயம் திருத்தினேன். ஒண்ணு, டிக்கை எடுத்தா கட்டம் மறையும், ஆனா அதுக்குள்ள டைப் பண்ணின சான்றிதழ் நம்பர் உள்ளேயே கிடந்து சேவ் ஆகுது. மறைக்கிறது வேற, அழிக்கிறது வேற! இப்போ ரெண்டையும் சேர்த்தே செய்யுது. ரெண்டாவது, அந்தக் கட்டத்தை மறைக்கிறதையே விட்டுட்டேன். தகுதி இல்லைன்னா 'முதல் பட்டதாரி: இல்லை'ன்னு பளிச்சுனு காட்டும். 'இல்லை'ன்னு எழுதியிருந்தா, கையில சான்றிதழ் வெச்சிருக்கிறவங்க "ஏன் இல்லை?"ன்னு கேட்பாங்க. கட்டமே காணோம்னா எதைக் கேட்பாங்க?

பட்டியல்ல இல்லாத அஞ்சு வருஷமும் அரியலூர் இருந்துச்சுன்னு அந்த ஊர்க்காரங்களுக்குத் தெரியும். ஆனா கவுன்ட்டருக்கு முன்னாடி நிக்கிறவருக்கு, ஸ்கிரீன்ல இல்லாதது எங்கேயுமே இல்லை!

ஸோ மக்களே, உங்க ப்ராஜெக்ட்ல எங்கெல்லாம் கொலாப்ஸ்டு இருக்குன்னு இன்னிக்கே தேடுங்க. ஒவ்வொண்ணுக்கும் ஒரே கேள்விதான்... இது தெரியாமப் போனா, யாரோட அப்பா காசு பொரட்ட ஊருக்குப் போகணும்?

அடுத்த வாரம் மீட் பண்ணலாம். டாட்டா!