மூச்சுக் களஞ்சியம்

கடற்கரைக் கிராமம் ஒன்றிலிருந்து மாணவர் ஒருவர் எமக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். அவருடைய தமையனாரும் நண்பர்களும் சுழியோடிகள். முதுகிற் சுமக்கும் காற்றுத் தாங்கி வெறுமையாகுந்தோறும் அதனை நிரப்ப நெடுந்தொலைவு செல்லவேண்டியிருப்பதால், வீட்டு வளவிலேயே ஒரு காற்றமுக்கியை அமைக்க எண்ணியுள்ளனராம். "வாகன ரயருக்குக் காற்றடிக்கும் கொம்பிறசர் ஒன்று மலிவாகக் கிடைக்கிறது, அது போதாதா?" என்பது அவரது வினா. போதாது என்பதே எமது விடை. ஏன் போதாது என்பதையும், எது போதும் என்பதையும் இவ்வாரம் எடுத்துரைப்போம்.

மன்னார்க் கடலில் முத்துக் குளித்த பழைய மக்கள், கயிற்றிற் கட்டிய கல்லின்மேற் காலூன்றி, ஒரே மூச்சுடன் கடலடிக்கு இறங்கினர். அவர்கள் உடன் கொண்டு சென்ற காற்று, கடற்கரையின் தூய காற்றே. 1943ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டவரான கூஸ்தோ, கஞ்ஞான் என்னும் இருவர் நீர்மூச்சுக் கருவியைச் செப்பஞ்செய்தனர். அதன்பின் சுழியோடி அடைத்து வைத்த காற்றை நம்பிக் கடலுள் இறங்கலானான். ஆகவே அக்காற்றை அடைத்தவர் எவரோ, அவர் கையிலேயே சுழியோடியின் உயிர் இருக்கிறது.

முதலில் ஒரு தவற்றைத் திருத்திவிடுவோம். அத்தாங்கியைப் பலரும் 'ஒட்சிசன் சிலிண்டர்' என்கின்றனர். அதனுள் இருப்பது நாம் அன்றாடம் சுவாசிக்கும் சாதாரணக் காற்றே. தனி ஒட்சிசனைச் சுவாசித்துக்கொண்டு ஏறக்குறைய 6 மீற்றருக்குக் கீழே சென்றால் வலிப்பு உண்டாகலாம். நீருள் அது மரணத்திற்கு ஒப்பானது.

இனிக் கணக்கைப் பார்ப்போம். சாதாரணக் கார் ரயரின் அமுக்கம் ஏறக்குறைய 2 பார். பட்டறைக் காற்றமுக்கி 8 அல்லது 10 பார் வரை தரும். சுழியோடியின் தாங்கிக்கோ 200 பார் வேண்டும். 12 லீற்றர் கொள்ளும் தாங்கியில் 200 பார் அமுக்கத்தில் அடங்குவது ஏறக்குறைய 2,400 லீற்றர் காற்று. இதனை ஒரே அமுக்கில் செய்ய இயலாது. மூன்று அல்லது நான்கு முசலங்கள் படிப்படியாக அமுக்க, ஒவ்வொரு படிக்கும் இடையில் காற்றைக் குளிரச் செய்யும் குழாய்கள் அமைந்த தனி இயந்திரம் வேண்டும். நிமிடத்திற்கு 100 லீற்றர் இழுக்கும் சிறிய இயந்திரம், வெறுந் தாங்கி ஒன்றை நிரப்ப 24 நிமிடம் எடுக்கும்.

அமுக்கம் பெரிதெனினும் அதனினும் பெரிது தூய்மை. சில ஆண்டுகளுக்கு முன் கிழக்குக் கரையில் நாம் கண்ட ஒரு காட்சி இன்றும் எம் நெஞ்சைவிட்டு அகலவில்லை. கிடுகுக் கொட்டில் ஒன்றின் அருகே பெற்றோல் எஞ்சினால் இயங்கும் காற்றமுக்கி நின்றது. காலையில் நிலக்காற்று வீசியபோது, எஞ்சினின் புகை கடலை நோக்கிச் சென்றது. காற்றை இழுக்கும் குழாயின் வாய் மறுபுறம் இருந்தது. நண்பகலின்பின் கடற்காற்று எழுந்தது, புகை திரும்பியது, குழாயை இடம் மாற்ற ஒருவரும் நினைக்கவில்லை. அன்று பிற்பகல் கடலிலிருந்து ஏறிய இளைஞர் இருவருக்குத் தலையிடியும் குமட்டலும். "வெயிலின் சூடு" என்றனர் சிலர். முதியவர் ஒருவர் மட்டும் இயந்திரத்தையும் புகையையும் மாறிமாறிப் பார்த்தார். உடனே அதனை நிறுத்தச் சொன்னார். வைத்தியசாலையில் ஒட்சிசன் கொடுத்தபின் இருவரும் தேறினர். இன்னும் சிறிது ஆழத்தில், இன்னும் சிறிது நேரம் தங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எண்ணவே நெஞ்சு நடுங்குகிறது.

அப்புகையில் இருந்த நஞ்சு காபனோரொட்சைட்டு. அதற்கு மணமில்லை, நிறமில்லை. குருதியிலுள்ள ஈமோகுளோபினை ஒட்சிசனைவிட 200 மடங்கிற்கும் அதிகமாகப் பற்றிக்கொள்ளும். 30 மீற்றர் ஆழத்தில் அமுக்கம் நான்கு மடங்காதலால், ஒவ்வொரு மூச்சிலும் நான்கு மடங்கு நஞ்சு உட்செல்லும். மேலேறும்போது ஒட்சிசனின் அமுக்கம் குறைந்துவிடும். குருதியைப் பற்றிய நஞ்சோ எளிதில் விடாது. சுழியோடி மயங்குவது பெரும்பாலும் அப்போதுதான்.

ஆகையால் வீட்டில் காற்றமுக்கி அமைப்போர் முதலில் தேர்ந்தெடுக்க வேண்டியது இயந்திரத்தையன்று, காற்று இழுக்கும் இடத்தையே. அடுப்படி, குப்பை எரிக்கும் மூலை, வாகனம் நிற்கும் கொட்டில், தெருவோரம் ஆகிய யாவற்றிற்கும் தொலைவாக, கூரைக்கு மேலே குழாயின் வாய் இருத்தல் நன்று. எஞ்சினைவிட மின்மோட்டாரே சிறந்தது. அங்ஙனமாயினும் அச்சம் முற்றும் நீங்காது; காற்றமுக்கி மிகச் சூடேறினால் அதனுள் இருக்கும் எண்ணெயே கருகி அந்நஞ்சைப் பிறப்பிக்கும். எனவே மூச்சுக்காற்று இயந்திரத்திற்கென்றே ஆக்கப்பட்ட எண்ணெயன்றி வாகன எண்ணெய் எதனையும் ஊற்றலாகாது.

இயந்திரத்திலிருந்து வெளிவரும் காற்றில் நீரும் எண்ணெய்த் துளிகளும் கலந்திருக்கும். நீரைப் பிரித்தல், ஈரத்தை உறிஞ்சும் மணிகளால் உலர்த்துதல், உயிர்ப்பூட்டிய கரியால் எண்ணெயாவியையும் மணத்தையும் நீக்குதல், ஊக்கியொன்றினால் காபனோரொட்சைட்டைக் காபனீரொட்சைட்டாக மாற்றுதல் என்பன வடிகட்டியின் வேலைகள். அவ்வூக்கி ஈரம் பட்டால் செயலிழந்துவிடும். எமது நாட்டின் வெப்பமும் ஈரலிப்பும் வடிகட்டியின் ஆயுளை வெகுவாகக் குறைப்பன. குளிர்நாட்டுக் கணக்கை நம்பியிராமல், ஓடிய மணித்தியாலங்களைக் குறிப்பேட்டில் எழுதி, காலத்திற்கு முன்பே மாற்றுதல் வேண்டும். ஐரோப்பிய நியமம், பத்து இலட்சம் பங்கு காற்றில் 5 பங்குக்கு மேல் காபனோரொட்சைட்டு இருத்தலாகாது என்கிறது. மூக்கால் இதனை அறியமுடியாது; அளக்கும் கருவி வேண்டும்.

இனிச் சேமிப்புத் தாங்கிகள். 50 லீற்றர்த் தாங்கிகள் இரண்டை 230 பாருக்கு நிரப்பி வைத்திருப்பதாகக் கொள்வோம். 50 பார் மீதமுள்ள 12 லீற்றர்த் தாங்கியை முதலாவதுடன் இணைத்தால், இரண்டும் ஏறக்குறைய 195 பாரில் சமப்படும். அடுத்த சுழியோடியின் தாங்கி முதலாவதிலிருந்து 167 பார் மட்டுமே பெறும்; பின்னர் இரண்டாவதைத் திறந்து 200 வரை நிரப்பலாம். குறைந்ததை முதலிலும் நிறைந்ததைப் பின்னரும் திறப்பதே இதன் சூட்சுமம். மெதுவாக நிரப்புக, விரைந்து நிரப்பினால் தாங்கி சூடேறி, ஆறியபின் அமுக்கம் குறைந்து காணப்படும்.

இத்தாங்கிகளில் அடங்கியிருப்பது சாமானியமான வலுவன்று. அவற்றைச் சுவரோடு சங்கிலியிட்டு நிறுத்தி, பிள்ளைகள் அணுகாதவாறு பூட்டிவைத்தல் வேண்டும். சுழியோடியின் தாங்கிக்கு ஆண்டுக்கொருமுறை உட்பார்வையும், ஐந்தாண்டுக்கொருமுறை நீரமுக்கச் சோதனையும் பல நாடுகளில் வழக்கம். உருக்குத் தாங்கியுள் ஈரம் புகுந்து கறள் பிடித்தால், அக்கறள் உள்ளிருக்கும் ஒட்சிசனையே உண்டுவிடும். நெடுங்காலம் மூலையிற் கிடந்த தாங்கியை அப்படியே முதுகிற் கட்டிச் சென்று உயிரிழந்தோரும் உளர்.

இறுதியாக ஒன்று. காற்று கைக்கெட்டும் தூரத்தில் இருந்தால், மீண்டும் மீண்டும் கடலில் இறங்க மனம் தூண்டும். உடலிற் கரைந்த நைதரசன், விரைந்து மேலேறுகையில் குமிழிகளாகி மூட்டுகளையும் முள்ளந்தண்டையும் தாக்கும். இதனைத் தவிர்க்கப் படிப்படியாக மேலேறும் அட்டவணையை ஹோல்டேன் என்னும் அறிஞரும் அவர்தம் துணைவரும் 1908இல் வெளியிட்டனர். சுரங்கங்களில் காபனோரொட்சைட்டைக் கண்டறியச் சிறு பிராணிகளைக் கொண்டு செல்லுமாறு 1890களில் அறிவுரை கூறியவரும் அதே ஹோல்டேனே. சுழியோடியின் இரு பகைவரையும் ஒரே மனிதர் ஆராய்ந்தார் என்பதை மாணவர்கள் நினைவிற் கொள்க.

கடிதம் எழுதிய தம்பிக்கு நாம் கூறுவது இதுவே. உம் தமையனார் தனியே மலிவான இயந்திரம் வாங்குவதைவிட, ஊர்ச் சுழியோடிகள் பலர் கூடிப் பணம் சேர்த்து நல்லதொன்றை வாங்கட்டும்; வடிகட்டிக்கும் சோதனைக்கும் ஆகும் செலவை முன்கூட்டியே ஒதுக்கட்டும்; பொறுப்புள்ள ஒருவரே இயக்கட்டும். அதுவரை நெடுந்தொலைவு சென்று நிரப்புவதில் நட்டமில்லை. போக்குவரத்துச் செலவு அடுத்த மாதம் ஈடாகிவிடும்; வீட்டில் வழிபார்த்திருக்கும் அன்னையாருக்கு மகனை ஈடுசெய்ய எவரால் இயலும்?