மாடி வீட்டில் துளசி நாற்று

திருவரங்கத்தில் நந்தவனம் அமைத்து, அரங்கனுக்குத் துளசியும் மலரும் தொடுத்துச் சமர்ப்பித்த விப்ரநாராயணரைத் தொண்டரடிப்பொடியாழ்வார் என்று போற்றுகிறோம். தோளில் பூக்குடலையுடன்தான் அவருடைய திருவுருவத்தை வடிப்பார்கள். அவர் அருளிய திருப்பள்ளியெழுச்சியை மார்கழியில் நாள்தோறும் கேட்கிறோம். அந்தப் பூக்குடலைக்குப் பின்னால் விதைத்து, நட்டு, நீர் இறைத்த உழைப்பு இருந்தது என்பது மட்டும் நமக்கு அவ்வளவாக நினைவுக்கு வருவதில்லை.

முசிறியைச் சேர்ந்த மூதாட்டி ஒருவர் கடிதம் எழுதியிருக்கிறார். காவிரிக் கரையில் முற்றம் வைத்த வீட்டை விட்டு, இப்போது திருச்சியில் மகனுடன் இரண்டாம் மாடியில் வசிக்கிறாராம். முழங்கால் வலியால் கோயிலுக்குச் செல்வது அரிதாகிவிட்டது. புரட்டாசிச் சனிக்கிழமைக்குத் தம் கையால் ஒரு துளசி மாலையாவது தொடுத்து அனுப்ப வேண்டும் என்பது அவர் விருப்பம். கடையில் வாங்கி வைத்த செடிகள் யாவும் வாடிவிட்டன. விதையிலிருந்து வீட்டுக்குள்ளேயே வளர்க்க இயலுமா என்று வினவுகிறார்.

இயலும். திறந்த வெளியில் வளர்ந்த செடியைத் திடீரென அறைக்குள் கொண்டுவந்தால் அது துவளும். சன்னலோரத்திலேயே முளைத்த செடி அவ்விடத்துக்குப் பழகிவிடும். ஆயினும் நாள்தோறும் நான்கைந்து மணி நேரமாவது நேர் வெயில் விழும் சன்னல் வேண்டும். வெயில் இல்லாத பூஜை அறையில் துளசியை வைப்பது பக்தியாகத் தோன்றலாம். செடிக்கு அது தண்டனையே.

காய்ந்து பழுப்பேறிய துளசிக் கதிரை உள்ளங்கையில் கசக்கி, உமியை மெல்ல ஊதினால் கடுகினும் சிறிய விதைகள் தங்கும். கொட்டாங்குச்சியின் கண்ணைத் துளையிட்டு, செம்மண், மணல், நன்கு மட்கிய சாண எரு மூன்றையும் சம அளவில் கலந்து நிரப்புக. விதையை ஆழப் புதைத்தலாகாது. மேலே தூவி, மணலை மெல்லிய படலமாகப் பரப்பினால் போதும். செம்பால் நீர் ஊற்றினால் விதை அடித்துச் செல்லப்படும். நீருள்ள தட்டில் கொட்டாங்குச்சியைச் சற்று நேரம் வைத்தால், அடித்துளை வழியே மண் தானே ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும்.

7 முதல் 15 நாட்களுக்குள் முளை தெரியும். முதலில் வரும் இரண்டு இலைகள் துளசி இலை போல இரா. களை என்று எண்ணிப் பிடுங்கிவிட வேண்டாம். நாற்று வெளிச்சத்தை நோக்கிச் சாயும் ஆதலால் நாள்தோறும் சற்றுத் திருப்பி வைக்க வேண்டும். ஈரம் மிகுந்தால் தண்டின் அடி கறுத்துச் சாய்ந்துவிடும். இதுவே நாற்றழுகல். அன்பினால் அடிக்கடி நீர் ஊற்றும் கைகளிலேதான் பெரும்பாலான நாற்றுகள் மடிகின்றன.

ஆறு இலை விட்டதும் வேறு தொட்டிக்கு மாற்றலாம். நெல் நாற்றுப் பறித்துப் பழகிய முசிறிப் பக்கத்துப் பெரியோர்களுக்கு இங்கே ஓர் எச்சரிக்கை. நெல் நாற்றை வேரிலுள்ள சேறு போக அலசி, முடி கட்டி நடுவோம். துளசி அதைத் தாங்காது. ஒரு கரண்டிக் காம்பால் வேர்மண்ணோடு கிளப்பி, தண்டைத் தொடாமல் இலையைப் பிடித்துத் தூக்க வேண்டும். இலை ஒன்று கிழிந்தால் வேறொன்று துளிர்க்கும். தண்டு நசுங்கினால் நாற்றே போய்விடும். மாலையில் நட்டு, மூன்று நாட்கள் நிழலில் வைத்து, பின்னர் வெயிலுக்குக் கொணர்க.

செண்டுமல்லியும் இவ்வாறே வளரும். ஒரு வாரத்தில் முளைத்துவிடும். முசிறிக்கு அருகே திருஈங்கோய்மலையில் அகத்தியர் ஈ வடிவெடுத்து ஈசனை வழிபட்டார் என்பது தலவரலாறு. அந்த ஈசனை நினைந்து சங்குபுஷ்பம் வளர்க்க விரும்புவோர், விதையை ஓர் இரவு நீரில் ஊறவைத்து, வளரவேண்டிய தொட்டியிலேயே நேரே ஊன்றுக. அதன் வேர் இடமாற்றத்தை விரும்பாது.

ஒரு செடியைக் கொண்டு மாலை தொடுக்க இயலாது. ஐந்தாறு தொட்டிகள் வேண்டும். முதற் பறிப்புக்கு ஏறக்குறைய மூன்று மாதம் ஆகுமாகையால், புரட்டாசிக்கு வேண்டுவோர் ஆனித் தொடக்கத்திலேயே விதைக்க வேண்டும். துவாதசியன்று துளசி பறிப்பதில்லை. அந்நாளுக்கு வேண்டியதை முன்னரே பறித்து வைத்துக்கொள்வது மரபு. கதிர் தோன்றும்போதெல்லாம் நுனியைக் கிள்ளிவிட்டால் இலை தழைக்கும். ஒரே ஒரு கதிரை மட்டும் முற்றிக் காயவிட்டு, காகித உறையில் மாதத்தைக் குறித்து வைத்துக்கொண்டால் அடுத்த ஆனிக்கு விதை ஆயிற்று.