துப்பறிபவருக்குப் பக்கத்தில் நிற்பவர்

புதிதாக ஒரு துப்பறியும் தொடரைத் தொடங்குகிற எழுத்தாளர் முதலில் நாயகனுக்கு அங்க அடையாளம் தேடுகிறார். ஒரு விநோதப் பழக்கம், ஒரு பலவீனம், ஆறாத ஒரு பழைய துக்கம் என்று குறிப்பேட்டில் பக்கங்கள் நிறைகின்றன. சுற்றியிருப்பவர்களிடம் வரும்போது பேனா களைத்துவிடுகிறது. உதவியாளருக்கு ஒரு பெயர், இன்ஸ்பெக்டருக்கு ஒரு மீசை, அத்தோடு சரி. இந்த வரிசையைத் தலைகீழாக்க வேண்டும் என்பது இந்த உரையின் வாதம். துப்பறிபவரிடம் இல்லாத ஏதோ ஒன்றை வைத்துக்கொண்டு அருகில் நிற்கிறவரால்தான் அவருடைய குணம் வாசகருக்குத் தெரியவருகிறது. அந்த ஒன்று அதிகாரமாக இருக்கலாம், பாசமாக இருக்கலாம், சாதாரண மனிதரின் அறியாமையாகக்கூட இருக்கலாம். எதுவானாலும் அது துப்பறிபவருக்குத் தேவைப்பட வேண்டும். தன் மூளையை மட்டும் வைத்துக்கொண்டு அவரால் அதைப் பெற்றுவிட முடியக்கூடாது.

இதைச் சோதித்துப் பார்க்க ஆர்தர் கோனன் டாயில் நமக்கு ஓர் அரிய வாய்ப்பை விட்டுச்சென்றிருக்கிறார். ஹோம்ஸ் கதைகள் மொத்தம் 60. நாவல்கள் 4, சிறுகதைகள் 56. இவற்றில் 4 சிறுகதைகளில் மட்டும் கதைசொல்லி வாட்சன் இல்லை. இரண்டு படர்க்கையில் எழுதப்பட்டவை. மற்ற இரண்டும் 1926-இல் வெளிவந்த 'வெளுத்த சிப்பாய்', 'சிங்கத்தின் பிடரி' என்ற கதைகள். இவற்றை ஹோம்ஸே சொல்கிறார். அதே ஆசிரியர், அதே நாயகன், வாட்சன் மட்டும் இல்லை. 'சிங்கத்தின் பிடரி'யில் ஓய்வுபெற்று சஸ்ஸெக்ஸ் கடலோரத்தில் வாழும் ஹோம்ஸின் கண்ணெதிரே ஒருவர் முதுகெல்லாம் சாட்டையால் விளாசியது போன்ற தடங்களோடு விழுந்து சாகிறார். கடைசியாக அவர் வாயிலிருந்து வந்த சொற்களே விடை. அவரைக் கொன்றது ஒரு வகை ஜெல்லி மீன். அவர் சொன்னது அதன் பெயர். ஹோம்ஸ் அந்த உயிரினத்தைப் பற்றி எப்போதோ படித்தவர்தான். ஆனால் கதை முடியும் தறுவாய் வரை அது அவருக்கு நினைவு வராமல் இருந்தாக வேண்டும். நாம் உட்கார்ந்திருப்பது அவர் தலைக்குள். அவருக்கு நினைவு வந்த அந்த நிமிடமே நமக்கும் தெரிந்துவிடும். ஆகவே, 140 வகைப் புகையிலைச் சாம்பலைப் பற்றி ஆய்வுக் கட்டுரை எழுதிய மனிதரை டாயில் மறதிக்காரராக்குகிறார். 'வெளுத்த சிப்பாய்' இன்னொரு வழியில் போகிறது. அதில் ஹோம்ஸ் தனக்குத் தெரிந்ததை நம்மிடம் சொல்லாமல் வைத்துக்கொள்கிறார். வாட்சன் சொல்லாமல் விட்டால் அதில் வஞ்சனை இல்லை, அவருக்கே தெரியாது. தெரிந்தவரே மறைக்கும்போது வாசகர் ஏமாற்றப்பட்டதாக உணர்கிறார். பேனாவைக் கையில் எடுத்த பிறகுதான் வாட்சனின் முறையில் இருந்த நியாயம் புரிகிறது என்ற பொருளில் ஹோம்ஸே அந்தக் கதையின் தொடக்கத்தில் ஒப்புக்கொள்கிறார். அங்கே டாயில் தன் சொந்தத் தொழிற்கஷ்டத்தையே சொல்லிவிட்டார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

விஷயத்தை எப்போது வெளியிடுவது என்ற கணக்குக்கு மட்டும் வாட்சன் தேவைப்படுகிறார் என்று இதை வைத்து முடிவுகட்டிவிடக் கூடாது. 1924-இல் வந்த 'மூன்று கேரிடெப்கள்' கதையில் ஒரு கயவன் சுட்ட குண்டு வாட்சனின் தொடையை உரசிப்போகிறது. ஹோம்ஸ் துப்பாக்கியால் அவனை அடித்து வீழ்த்துகிறார், நண்பரைத் தாங்கி நாற்காலியில் உட்காரவைக்கிறார், பேனாக்கத்தியால் கால்சட்டையைக் கிழித்துக் காயத்தைப் பார்க்கிறார். மேலோட்டமான காயம்தான். உடனே திரும்பி, வாட்சன் செத்திருந்தால் நீ இந்த அறையை விட்டு உயிரோடு போயிருக்க மாட்டாய் என்று அந்தக் கயவனிடம் சொல்கிறார். உணர்ச்சி வசப்படாதவர் என்று 37 ஆண்டுகளாக நமக்குச் சொல்லப்பட்ட மனிதர், கொலை செய்யவும் துணிந்திருப்பார் என்று ஒரே பத்தியில் தெரிகிறது. வாட்சன் என்ற உடம்பு அந்த அறையில் இல்லாமல் இதை வேறு எப்படிச் சொல்லியிருக்க முடியும்? சுயபரிசோதனையாக ஹோம்ஸ் பத்துப் பக்கம் பேசினாலும் இது வராது.

மற்றவர்களும் ஆளுக்கொரு வேலை செய்கிறார்கள். 1893-இல் 'கிரேக்க மொழிபெயர்ப்பாளர்' கதையில் மைக்ராஃப்ட் வருகிறார். அண்ணன், ஊகத்தில் தம்பியைவிடக் கூர்மையானவர், ஆனால் நாற்காலியை விட்டு எழுந்து போய்ச் சரிபார்க்க மனமில்லாதவர். அறிவே ஹோம்ஸின் அடையாளம் என்று அதுவரை நினைத்த வாசகர் அந்தக் கதையில் திருத்தப்படுகிறார். இரவில் ரயிலேறுவதும், சேற்றில் முழந்தாளிடுவதும், ஓர் ஆளைத் தேடி ஊரெல்லாம் அலைவதும்தான் ஹோம்ஸ். போலீஸ் இன்ஸ்பெக்டர் லெஸ்ட்ரேட் தொடக்கத்தில் போட்டிக்காரர். 1904-இல் 'ஆறு நெப்போலியன்கள்' கதையின் முடிவில் அவரே, எங்கள் ஸ்காட்லாந்து யார்டில் உங்கள்மேல் பொறாமை இல்லை, பெருமைதான் என்ற கருத்தில் பேசும்போது ஹோம்ஸ் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். இத்தனை ஆண்டுப் பழக்கத்தில் மாறியவர் லெஸ்ட்ரேட். அந்த மாற்றத்தின் வழியாகத்தான் ஹோம்ஸுக்கும் வயதாகியிருப்பது நமக்குத் தெரிகிறது.

துணைவர் அசடாக இருந்தால் நாயகன் பெரியவராகத் தெரிவார் என்ற நம்பிக்கை இன்னும் நம் எழுத்தில் வேரோடியிருக்கிறது. துப்பறியும் கதைகளுக்காக 1929-இல் ரொனால்ட் நாக்ஸ் வகுத்த பத்து விதிகளில் ஒன்று, வாட்சன் தன் மனதில் ஓடுவதை வாசகரிடம் மறைக்கக் கூடாது என்கிறது. அவருடைய புத்தி சராசரி வாசகரைவிட மிகமிகச் சிறிதளவே குறைந்திருக்க வேண்டும் என்றும் சேர்க்கிறது. முதல் பாதி பொன்னானது. இரண்டாம் பாதியில் அந்த "மிகமிகச் சிறிதளவே" என்பதைப் பலர் கவனிக்கவில்லை. 1939 முதல் 1946 வரை பேசில் ராத்போன் ஹோம்ஸாக நடித்த 14 படங்களில் நைஜல் புரூஸ் வாட்சனைத் தடுமாறும் கிழவராக்கினார். மக்கள் சிரித்தார்கள். ஆனால் இவ்வளவு அசட்டு மனிதரை ஹோம்ஸ் ஏன் கூடவே வைத்திருக்கிறார் என்ற கேள்விக்கு அந்தப் படங்களில் பதில் இல்லை. வித்தை காட்ட ஒரு பார்வையாளர் வேண்டும் என்பதுதான் காரணமென்றால் அங்கே சிறுத்துப்போகிறவர் ஹோம்ஸ். மூலக்கதையின் வாட்சன் போர்முனை கண்ட மருத்துவர். பாஸ்கர்வில் நாவலில் ஹோம்ஸ் அவரைத் தனியாக டார்ட்மூருக்கு அனுப்பிவைக்கிறார், நெடுந்தொலைவு வரை அவருடைய அறிக்கைகளால்தான் கதை நகர்கிறது.

சிரிக்க வைக்கிற துணைவரே கூடாது என்று இதற்கு அர்த்தமில்லை. சத்யஜித் ராய் 1965-இல் ஃபெலுதா என்ற துப்பறிபவரின் கதைகளைத் தொடங்கியபோது உடன் இருந்தது தம்பி முறையான தோப்ஷே மட்டும். அண்ணனை வியக்கும் சிறுவனின் கண்ணில் ஃபெலுதா அப்பழுக்கற்றவராகவே தெரிவார். 1971-இல் 'சோனார் கெல்லா'வில் ஜடாயு என்ற புனைபெயரில் மர்ம நாவல் எழுதும் லால்மோகன் கங்குலி வந்து சேர்கிறார். தன் நாவல்களில் தகவல் பிழை விடுகிறவர், பயந்த சுபாவம். பயந்துகொண்டே ஆபத்துக்குள் கூட வருகிறார் என்பதுதான் அவருடைய கௌரவம். அவரைத் திருத்தும்போதும் கேலி செய்யும்போதும் காப்பாற்றும்போதும் ஃபெலுதாவுக்குள் ஒரு நண்பன் உருவாகிறான். தோப்ஷேயால் மட்டும் அது ஆகியிருக்காது.

நம் தமிழில் இந்த வாதத்துக்கு மிகத் துணிச்சலான சான்று தேவனின் துப்பறியும் சாம்பு. 1940களில் ஆனந்த விகடனில் வந்த அந்த வங்கி குமாஸ்தாவிடம் துப்பறியும் திறமை என்று ஒன்றும் கிடையாது. தற்செயலாக எங்கோ இடறுகிறார், எதையோ உளறுகிறார், திருடன் அகப்படுகிறான். அதை அபாரமான யுக்தி என்று இன்ஸ்பெக்டர் கோபாலன் மனப்பூர்வமாக நம்புகிறார். கோபாலனை எடுத்துவிட்டுப் படித்துப் பாருங்கள். மிஞ்சுவது வழி தவறிய ஓர் அப்பாவி. போலீஸ் நம்புவதால் ஊர் நம்புகிறது, ஊர் நம்புவதால் அடுத்த வழக்கு வீடு தேடி வருகிறது, மனைவி வேம்புவின் பெருமையும் கூடுகிறது. துப்பறிபவர் முழுக்க முழுக்கப் பக்கத்தில் நிற்பவர்களால் செய்யப்பட முடியும் என்பதை தேவன் நகைச்சுவைக்காகச் செய்துகாட்டினார். ஆனால் அந்த இயந்திரம் எல்லாத் துப்பறியும் கதைகளுக்குள்ளும் ஓடுகிறது. கோபாலன் முட்டாளாக எழுதப்படவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். நேர்மையும் நன்றியும் உள்ள அதிகாரி அவர். அதனால்தான் அவருடைய நம்பிக்கை நம்மையும் தொற்றுகிறது.

சுஜாதாவின் கணேஷும் 1968-இல் குமுதத்தில் வந்த 'நைலான் கயிறு' கதையில் தனியாகத்தான் அறிமுகமானான். உதவியாளன் வஸந்த் பிற்பாடு சேர்ந்தவன். சேர்ந்த பிறகு கணேஷிடம் நேர்ந்த மாற்றம் நுட்பமானது. குறும்பு, சபலம், வாய்த்துடுக்கு எல்லாம் வஸந்த் பக்கம் போய்விட்டதால் கணேஷுக்குக் குறைவாகப் பேசும் உரிமை கிடைத்தது. "பாஸ்" என்று வஸந்த் ஆரம்பிக்கிற மெக்ஸிகோ சலவைக்காரி ஜோக் ஒருநாளும் முடிவதில்லை. அதைத் தடுப்பதே கணேஷின் அதட்டல்தான். கணேஷின் கண்ணியத்தை சுஜாதா வர்ணித்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. பட்டுக்கோட்டை பிரபாகரின் பரத்-சுசீலா, சுபாவின் நரேந்திரன்-வைஜயந்தி, ராஜேஷ்குமாரின் விவேக்-ரூபலா என்று ஜோடிகள் தமிழில் நிலைத்ததற்கும் இந்த இருவர் கணக்கே அடிப்படை. அவற்றைப் பார்த்து எழுத வந்தவர்கள் பலர் சீண்டல் பேச்சை மட்டும் எடுத்துக்கொண்டார்கள் என்பது என் வருத்தம். உடன் வரும் பெண் கண்டுபிடித்த ஒரு தடயம், அவள் மறுத்துப் பேசியதால் நாயகன் கைவிட்ட ஒரு முடிவு, இப்படி ஒன்றுகூட இல்லாத கதைகளில் ஜோடி என்பது அலங்காரமாகிவிடுகிறது.

தனியாள் துப்பறிபவர்கள் இல்லையா என்று கேட்கலாம். ரேமண்ட் சாண்ட்லரின் மார்லோவுக்கு வாட்சன் இல்லை, தன் கதையைத் தானே சொல்கிறவர். ஆனால் 1953-இன் 'தி லாங் குட்பை'யில் டெர்ரி லெனாக்ஸ் என்ற குடிகார நண்பனுக்காக மார்லோ போலீஸின் அடியையும் காவலையும் பொறுத்துக்கொண்டு வாய் திறக்காமல் இருக்கிறார். லெனாக்ஸை நீக்கினால் மார்லோவின் விசுவாசத்துக்கு விலாசமே இல்லை. கூடவே நடக்கும் துணைவர் அவருக்கு இல்லை, அவ்வளவுதான். அந்த இடத்தை நாவலுக்கு நாவல் வேறு வேறு மனிதர்கள் நிரப்புகிறார்கள். துணைவரின் நாற்காலி எவ்வளவு வலிமையானது என்பதை அகதா கிறிஸ்டி அறிந்திருந்தார். 1923-இல் தன் துப்பறிபவரின் துணைவர் ஹேஸ்டிங்ஸை அர்ஜென்டினா பக்கம் அனுப்பிவிட்டு, 1926-இன் ரோஜர் அக்ராய்ட் நாவலில் அதே இடத்தில் டாக்டர் ஷெப்பர்டை உட்காரவைத்தார். அந்த நாற்காலிக்காரரை வாசகர் சந்தேகிக்கவே மாட்டார் என்ற பழக்கத்தின்மேல்தான் அந்த நாவலின் அதிர்ச்சி முழுவதும் கட்டப்பட்டிருக்கிறது. அதே நாவலில் வீட்டை விட்டு நகராமல் ஊர்ச்செய்தி அத்தனையும் தெரிந்துவைத்திருக்கும் கரோலின் என்ற டாக்டரின் அக்காள் இருக்கிறார். 1928-இல் நாடகமாக்கியவர்கள் அவரை நீக்கி இளம்பெண் ஒருத்தியைப் புகுத்தியது கிறிஸ்டிக்குப் பிடிக்கவில்லை. மிஸ் மார்பிள் பிறந்ததற்குக் கரோலினை எழுதியதில் கிடைத்த மகிழ்ச்சி ஒரு காரணமாக இருக்கலாம் என்று அவர் தன் சுயசரிதையில் சொல்கிறார். ஒரு துணைப் பாத்திரம் ஒரு துப்பறிபவரையே பெற்றெடுத்திருக்கிறது.

இடமில்லை என்ற தடையை, மாத நாவலுக்கும் வாரத் தொடருக்கும் எழுதுகிறவர்கள் நியாயமாகவே சொல்வார்கள். நூறு பக்கத்துக்குள் கொலை, விசாரணை, திருப்பம், தீர்வு எல்லாம் அடங்க வேண்டும். ஆனால் இதற்குப் புதிய ஆட்களைக் கொண்டுவர வேண்டியதில்லை. நம் கதைகளில் ஏற்கெனவே நின்றுகொண்டிருப்பவர்களுக்கு உயிர் கொடுத்தால் போதும். கடைசி அத்தியாயத்தை எடுத்துக்கொள்வோம். எல்லோரையும் கூட்டிவைத்து நாயகன் விளக்குகிறார், கொலையாளி இன்ஸ்பெக்டர் முன்னால் ஒப்புக்கொள்கிறான், கதை முடிகிறது. நம் சட்டத்தில் போலீஸ் அதிகாரியிடம் சொன்ன ஒப்புதல், சொன்னவருக்கு எதிராகச் செல்லாது. அதைத் தொடர்ந்து கத்தியோ நகையோ கைப்பற்றப்பட்டால், அந்தக் கண்டெடுப்போடு நேரடியாகத் தொடர்புள்ள பகுதி மட்டும் ஏற்கப்படும். 1872-இன் சாட்சியச் சட்டத்தில் இருந்த இந்த ஏற்பாடு, 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய சாட்சிய அதினியத்திலும் தொடர்கிறது. ஆக, அந்த அறையில் யார் யார் நிற்கிறார்கள் என்பதுதான் துப்பறிபவர் கண்ட உண்மை வழக்காகுமா, வெறும் பேச்சாகப் போகுமா என்பதைத் தீர்மானிக்கிறது.

தமிழ்நாட்டுக் கொலை வழக்குகளில் திரும்பத் திரும்ப வரும் ஒருவர் கிராம நிர்வாக அலுவலர். குற்றம் சாட்டப்பட்டவர் அவரிடம் போய் ஒப்புக்கொண்டதாக வழக்கு அமைவதுண்டு. முன்பின் பழக்கமில்லாதவரிடம் எதற்காகப் போய்ச் சொன்னார் என்று நீதிமன்றங்கள் துருவுவதும் உண்டு. மகஜரில் சாட்சியாகக் கையெழுத்துப் போடுகிறவரும் பல வழக்குகளில் அவரே. ஊரில் யார் நிலத்துக்கு யார் பட்டா கேட்டு அலைகிறார் என்பது அவருக்குத் தெரியும். போலீஸுக்கும் அவர் வேண்டும், ஊருக்கும் வேண்டும், இரண்டு பக்கமும் பகைத்துக்கொள்ள முடியாது. ஸ்டேஷன் ரைட்டரும் அப்படித்தான். புகாரில் எந்த நேரம், எந்த வார்த்தை பதிவாகிறது என்பது அவர் கையில் இருக்கிறது. சென்னையிலிருந்து காரில் வந்திறங்கும் நம் நாயகன் எவ்வளவு புத்திசாலியாக இருந்தாலும் இந்த இருவரில் ஒருவரையாவது சம்மதிக்க வைக்காமல் அந்த ஊரில் ஓர் அடி நகர முடியாது. கெஞ்சுகிறாரா, மிரட்டுகிறாரா, பேரம் பேசுகிறாரா, உண்மையைச் சொல்லி உதவி கேட்கிறாரா? அந்த உரையாடலுக்கு இரண்டு பக்கம் போதும். சில ஆண்டுகள் கழித்துக் கூண்டில் ஏறிக் குறுக்கு விசாரணைக்குப் பதில் சொல்லப்போகிறவர் அந்தக் கிராம நிர்வாக அலுவலர்தான், நாயகன் அல்ல. அது தெரிந்தே அவர் கையெழுத்துப் போடுவாரா என்பதையும் அந்த இரண்டு பக்கத்துக்குள் எழுதிவிடலாம்.