வியாதிக்காரருக்கு விமானம் உண்டு, இன்ஷூரன்ஸ் இல்லை!

சென்ற வாரம் ஒரு தோழர் நம்மைத் தேடி வந்தார். கோவையில் ஒரு மில்லில் முப்பத்தோரு வருஷம் ஸ்பின்னிங்கில் சைடு பார்த்து ஓய்வு பெற்றவர். கையில் நாலு பக்க விண்ணப்பத் தாள். முகத்தில் குழப்பம்.

விஷயம் இதுதான். அவருடைய மகள் சிங்கப்பூரில் இருக்கிறாள். மருமகனுக்கு அங்கே வேலை. மகளுக்கு இது தலைப்பிரசவம். கிழவனும் கிழவியும் வந்து ஒரு மாதம் கூட இருங்கள் என்று மருமகன் விமான டிக்கெட் எடுத்து அனுப்பிவிட்டார். தோழருக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். இந்தச் சமயத்தில் முழங்கால் வலிக்கு மருந்து வாங்க ஈ.எஸ்.ஐ. டிஸ்பென்சரிக்குப் போயிருக்கிறார். டாக்டர் ரத்தத்தைப் பரிசோதிக்கச் சொன்னார். சர்க்கரை வியாதி இருப்பதும், ரத்த அழுத்தம் கூடுதலாக இருப்பதும் அப்போதுதான் தெரிந்தது. மாத்திரை எழுதிக் கொடுத்து, “பயப்பட வேண்டாம், பயணம் போகலாம்” என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

மருமகன் டெலிபோனில் சொன்னார்: “மாமா, இங்கே வெளிநாட்டார் ஆஸ்பத்திரியில் படுத்தால் முழுக் கட்டணமும் கொடுக்க வேண்டும். இன்ஷூரன்ஸ் எடுக்காமல் ஏறாதீர்கள்.” சரியான பேச்சு. ஏஜெண்டு வந்தார். விண்ணப்பத் தாளில் ஒரு கேள்வி: உமக்கு ஏதேனும் வியாதி உண்டா? மருந்து சாப்பிடுகிறீரா? தோழர் உள்ளதைச் சொன்னார். ஏஜெண்டு பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

“அதெல்லாம் எழுதாதீங்க பெரியவரே. எழுதினா பாலிசி வராதுங்க. போன மாசம் வரைக்கும் உங்களுக்கே தெரியாது. கம்பெனிக்கு எப்படித் தெரியும்?”

தோழர் கையெழுத்துப் போடவில்லை. தாளை மடித்துக்கொண்டு நம்மிடம் வந்துவிட்டார். “பொய்யை எழுதறதா, நிஜத்தை எழுதறதா, தோழர்?” என்று கேட்டார்.

நிஜத்தை எழுதுங்கள் என்றோம். காரணத்தைச் சொல்ல நமக்கு இரண்டு நாள் பிடித்தது. பாலிசித் தாளைப் பூதக்கண்ணாடி வைத்துப் படிக்க வேண்டியிருந்தது. மெட்ரிக் தேறிய நமக்கே இந்தக் கதி என்றால், கைநாட்டு வைக்கிற விவசாயத் தொழிலாளி என்ன செய்வார்?

இன்ஷூரன்ஸ் சட்டத்தில் ஒரு பழைய விதி உண்டு. பாலிசி கேட்பவர் தமக்குத் தெரிந்த முக்கியமான விஷயங்களை மறைக்காமல் சொல்ல வேண்டும். மறைத்தால் பணம் தர மறுக்கலாம். பிரீமியம் வாங்கும்போது எந்தக் கம்பெனியும் டிஸ்பென்சரிக்கு ஓடிப்போய்ச் சீட்டைப் புரட்டுவதில்லை. சிரித்த முகத்துடன் வாங்கிக்கொள்ளும். ஆஸ்பத்திரிக் கணக்கு வரும்போதுதான் புரட்டும். என்றைக்கு முதல் மாத்திரை சாப்பிட்டாய், எந்த டாக்டர் எழுதினார் என்று அப்போதுதான் கேட்கும். ஏஜெண்டு கமிஷனை வாங்கிக்கொண்டு போயிருப்பார். பொய் மட்டும் தோழரின் கையெழுத்தோடு அங்கே இருக்கும்!

ஒரு வழக்கைச் சொல்கிறோம். 2009-ம் ஆண்டில் ஒருவர் அமெரிக்காவுக்குப் புறப்பட்டார். வெளிநாட்டுப் பயண மருத்துவ பாலிசி எடுத்தார். சர்க்கரை இருப்பதைச் சொன்னார். பாலிசிக்கு முன் மருத்துவப் பரிசோதனையும் நடந்தது. சான் பிரான்சிஸ்கோ விமான நிலையத்தில் இறங்கியதும் மாரடைப்பு. ஆஸ்பத்திரியில் மூன்று ஸ்டெண்டு வைத்தார்கள். கணக்கை அனுப்பினால் கம்பெனி என்ன சொல்லிற்று? கொழுப்புக்கு மாத்திரை சாப்பிட்டதைச் சொல்லவில்லை, ஆகவே பணம் இல்லை என்றது! தேசிய நுகர்வோர் கமிஷனும் அவர் புகாரைத் தள்ளிவிட்டது. கடைசியில் 2021 டிசம்பரில் சுப்ரீம் கோர்ட் அவர் பக்கம் தீர்ப்புச் சொல்லிற்று. சொல்லப்பட்ட வியாதியைத் தெரிந்துகொண்டே, உடல்நிலையை மதிப்பிட்டு பாலிசி கொடுத்துவிட்டு, பிறகு அதே வியாதியைக் காட்டிக் கம்பெனி கைவிரிக்க முடியாது என்பது தீர்ப்பின் சாரம்.

பன்னிரண்டு வருஷம்! டில்லி வரை போய் வழக்காட அவருக்கு வசதி இருந்தது. நம் சைடர் தோழருக்கு அது உண்டா? ஆனாலும் அந்தத் தீர்ப்பு நமக்கும் உதவும். சர்க்கரையைச் சொல்லியிருந்தபடியால்தான் அவருக்கு நிற்க இடம் கிடைத்தது. ஏஜெண்டின் பேச்சைக் கேட்டு மறைத்திருந்தால் சுப்ரீம் கோர்ட்டும் கைகொடுத்திராது.

உண்மையைச் சொன்னால் என்ன கிடைக்கும் என்றும் பார்க்க வேண்டுமே. அங்கேதான் வயிறு எரிகிறது. பல பயண பாலிசிகளில் “முன்பே இருந்த வியாதிக்குப் பணம் இல்லை” என்று ஒரே வரியில் அடைத்துவிடுகிறார்கள். உயிருக்கு ஆபத்தான நிலை ஏற்பட்டால் மட்டும் ஒரு வரம்புக்குள் கொடுப்போம் என்று சில கம்பெனிகள் சொல்கின்றன. உள்நாட்டு ஆரோக்கிய பாலிசியில் பழைய வியாதிக்கு அதிகபட்சம் 48 மாதம் வரை காத்திருக்க வைக்கலாம் என்று இருந்தது. 2024 ஏப்ரல் முதல் அது 36 மாதமாகக் குறைக்கப்பட்டது. அங்கே மூன்று வருஷம் பொறுத்தால் கதவு திறக்கும். முப்பது நாள் பயணத்துக்கு எடுக்கும் பாலிசியில் எவ்வளவு பொறுத்தாலும் திறக்காது.

“முன்பே இருந்த வியாதி” என்ற சொல்லையும் சற்றுக் கவனியுங்கள். பஞ்சுத் தூசியைச் சுவாசித்து நுரையீரல் கெட்டுப் போவதற்குப் பிஸினோசிஸ் என்று பெயர். தொழில்வழி நோய்களின் சட்டப் பட்டியலில் அது இருக்கிறது. மில் கொடுத்த நோய் என்று சட்டமே ஒப்புக்கொள்கிறது. அதே தொழிலாளி, அதே நுரையீரலோடு பயண இன்ஷூரன்ஸ் கேட்டால், அது அவர் வீட்டிலிருந்து கொண்டுவந்த சொந்தச் சொத்து ஆகிவிடுகிறது! இரவு ஷிப்டும் பகல் ஷிப்டுமாக மாறி மாறி முப்பது வருஷம் உழைத்த உடம்புக்கு ரத்த அழுத்தம் எங்கிருந்து வந்தது என்று எந்த விண்ணப்பத் தாளும் கேட்பதில்லை.

கம்பெனிக்காரர் ஒரு நியாயம் சொல்வார். வீடு தீப்பற்றிய பிறகு தீ இன்ஷூரன்ஸ் கேட்கலாமா? வியாதி வந்தவர்கள் மட்டும் வந்து சேர்ந்தால் நிதி என்ன ஆகும் என்பார். நாம் இதை அலட்சியமாகத் தள்ளவில்லை. இஷ்டப்பட்டவர் சேரலாம், இஷ்டமில்லாதவர் விலகலாம் என்கிற ஏற்பாட்டில் அந்தப் பயம் நியாயமானதுதான். எல்லோரும் சேர்ந்துவிட்டால் அந்தப் பயத்துக்கு இடம் ஏது?

வெளியே போய்த் தேட வேண்டாம். நம் ஈ.எஸ்.ஐ.யைப் பாருங்கள். 1948-ல் சட்டம் வந்தது. 1952-ல் கான்பூரிலும் டில்லியிலும் தொடங்கிற்று. 1955-ல் கோவைக்கு வந்தது. இன்று தொழிலாளியின் சம்பளத்தில் நூற்றுக்கு முக்கால் ரூபாயும், முதலாளியிடமிருந்து நூற்றுக்கு மூன்றேகால் ரூபாயும் வாங்குகிறார்கள். வேலைக்குச் சேரும் பையனிடம் உனக்கு ஆஸ்துமா உண்டா, உன் அப்பனுக்குச் சர்க்கரை உண்டா என்று யாராவது கேட்டதுண்டா? திட்டத்துக்கு உட்பட்டவர் எல்லோரும் உள்ளே, அவ்வளவுதான். நம் தோழர் ஓய்வுபெற்ற பின் வருஷத்துக்கு ரூ. 120 கட்டுகிறார். அவருக்கும் மனைவிக்கும் வைத்தியம் கிடைக்கிறது. அந்த 120 ரூபாய்தான் அவருடைய சர்க்கரையைக் கண்டுபிடித்தது! டிஸ்பென்சரியில் கியூ நீளம், சில நாள் மருந்து இருப்பதில்லை, எல்லாம் வாஸ்தவம். அதற்காகச் சண்டை போட்டிருக்கிறோம், இன்னும் போடுவோம். ஆனால் வியாதி இருக்கிறது என்பதற்காக அங்கே யாரையும் வாசலில் நிறுத்துவதில்லை.

விவசாயத் தொழிலாளிக்கு ஈ.எஸ்.ஐ. இல்லை. வயலில் பாம்பு கடித்தாலும் கரும்பாலை வண்டியில் கால் சிக்கினாலும் அவர் நம்பியிருப்பது சர்க்கார் ஆஸ்பத்திரியையும், 2009-ல் தொடங்கிய மாநிலக் காப்பீட்டுத் திட்டத்தையும்தான். அவர் எங்கே விமானம் ஏறப் போகிறார் என்று நினைக்க வேண்டாம். தஞ்சையிலும் ராமநாதபுரத்திலும் கிராமங்களைப் போய்ப் பாருங்கள். நடவு இல்லாத வருஷத்தில் கடன் வாங்கி வளைகுடாவுக்குப் போன பிள்ளைகள் எத்தனை பேர்!

அந்தப் பிள்ளைகளுக்காக ஒரு திட்டம் இருக்கிறது. பத்தாவது தேறாதவர்கள் வளைகுடா நாடுகளுக்கும் மலேசியாவுக்கும் வேலைக்குப் போவதென்றால் சர்க்காரின் குடியேற்ற அனுமதி வேண்டும். அப்படிப் போகிறவர் பிரவாசி பாரதீய பீமா யோஜனாவில் சேருவது கட்டாயம். 2017-ல் திருத்தியபடி இரண்டு வருஷத்துக்கு ரூ. 275, மூன்று வருஷத்துக்கு ரூ. 375, வரி தனி. விபத்தில் இறந்தாலோ நிரந்தர ஊனமானாலோ ரூ. 10 லட்சம். வேலைக்குத் தகுதியில்லாதபடி உடம்பு கெட்டால் ஊர் திரும்ப விமானக் கட்டணம். ரூ. 275-க்கு இது எப்படி முடிகிறது? போகிற எல்லோரும் சேருவதால் முடிகிறது. இதையே பெற்றோரைப் பார்க்கப் போகிறவருக்கும், பிள்ளையைப் பார்க்கப் போகிறவருக்கும் விரித்தால் என்ன? விமான டிக்கெட்டோடு எத்தனையோ கட்டணங்களைச் சேர்த்து வசூலிக்கிறார்கள். அதில் ஒரு சிறு தொகையைப் பொது நிதியாக்கி, வியாதி உண்டா இல்லையா என்று கேட்காமல் அவசர சிகிச்சைக்குப் பணம் கொடுக்கும்படி பொதுத்துறை இன்ஷூரன்ஸ் கம்பெனிகளிடம் ஒப்படைக்கலாம். 1973-ல் நாட்டின் பொது இன்ஷூரன்ஸ் முழுவதையும் சர்க்கார் கையில் எடுத்துக்கொண்டது. அந்தக் கம்பெனிகள் இன்றும் இருக்கின்றன. இது ஆகாத காரியம் அல்ல.

ஆகாது என்பவருக்குச் சிங்கப்பூரையே காட்டுகிறோம். அங்கே ஒர்க் பெர்மிட்டில் வேலை செய்யும் வெளிநாட்டுத் தொழிலாளிக்கு முதலாளிதான் மருத்துவ இன்ஷூரன்ஸ் எடுக்க வேண்டும். முன்பு வருஷத்துக்குக் குறைந்தது 15,000 டாலர் என்று இருந்தது. 2023 ஜூலை முதல் 60,000 டாலராக உயர்த்தினார்கள். சிங்கப்பூர் சோஷலிச நாடு அல்லவே! சட்டம் போட்டால் முதலாளி கட்டுகிறார்.

சட்டம் வரும்வரை ஏறாமல் இருக்க முடியாது. பேத்தி பிறக்கும் நாளை எந்தச் சர்க்காரும் தள்ளிவைக்காது. ஆகவே தோழரிடம் சொன்னதை இங்கேயும் எழுதுகிறோம். தாளை ஏஜெண்டு நிரப்பினாலும் ஒவ்வொரு வரியையும் வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். வெறும் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். வியாதியை மட்டுமல்ல, சாப்பிடும் மாத்திரை ஒவ்வொன்றையும், கொழுப்பு மாத்திரை உட்பட, பெயரோடு எழுதுங்கள். நிரப்பிய தாளின் நகலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பாலிசி எடுத்த பிறகு, புறப்படுவதற்குள் வியாதி தெரிந்தால், உடனே கம்பெனிக்கு எழுத்து மூலம் தெரிவியுங்கள். பயணம் போகலாம் என்று டாக்டர் கைப்பட எழுதி வாங்குங்கள். போகக் கூடாது என்று டாக்டர் சொல்லியும் போனால் பெரும்பாலான பாலிசிகளில் பணம் கிடைக்காது. அது உடம்புக்கும் நல்லதல்ல. பணம் மறுக்கப்பட்டால் முதலில் கம்பெனிக்குப் புகார் எழுதுங்கள். ஒரு மாதத்தில் சரியான பதில் இல்லையென்றால் சென்னையில் இன்ஷூரன்ஸ் ஆம்பட்ஸ்மேன் அலுவலகம் இருக்கிறது. கட்டணம் இல்லை, வக்கீல் வேண்டியதில்லை. மனு எழுதத் தெரியாதவருக்கு எழுதிக் கொடுக்கச் சங்கத்தில் ஆள் உண்டு.

தோழர் வேறொரு ஏஜெண்டைப் பிடித்து எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்தார். நாலாம் நாள் பதில் வந்தது. அவர் மனைவிக்கு முழு பாலிசி. அவருக்குச் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் நீக்கி பாலிசி. அவற்றால் உயிருக்கு ஆபத்து ஏற்பட்டால் மட்டும் ஒரு சிறு தொகை. கால் வழுக்கி விழுந்தால் கொடுப்பார்கள், சர்க்கரை ஏறி விழுந்தால் அநேகமாகக் கொடுக்கமாட்டார்கள். “விழறதுன்னா எப்படி விழணும்னு இப்போ தெரிஞ்சுபோச்சு, தோழர்” என்று சிரித்தார். இரண்டு மாதத்து மாத்திரையும், டாக்டர் சீட்டும், விண்ணப்ப நகலும் ஒரு மஞ்சள் பையில் போட்டுக் கட்டி வைத்திருக்கிறார். வருகிற வியாழக்கிழமை இரவு விமானம்.