எண்ணெய் குடிக்கும் எந்திரம்

இங்கிலாந்துக்கோ அமெரிக்காவுக்கோ மேற்படிப்புக்குச் செல்லும் நண்பர் சிலர், மலிவாகக் கிடைக்கும் பழைய மாஸ்டா ஆர்.எக்ஸ்-8 மீது மையல் கொள்கின்றனர். 2012-இல் ஜப்பான் உற்பத்தியை நிறுத்திய கார் அது. அதன் எந்திரத்தில் பிஸ்டன் இல்லை; இரண்டு முக்கோணச் சுழலிகளே சுழல்கின்றன. அவற்றின் முனைப்பட்டைகள் தேயாதிருக்க, எந்திரமே சிறிது எண்ணெயை உள்ளே செலுத்தி எரிக்கிறது. அது குறையன்று, அமைப்பு! எண்ணெய் அளவைக் கவனியாதவனே எந்திரத்தைக் கொல்கிறான் என்பேன். பட்டை தேய்ந்தால் அழுத்தம் குன்றும். சூடான வண்டி மீண்டும் கிளம்ப மறுக்கும்.

ஆகவே, பளபளப்பைக் கண்டு மயங்காதீர். ஒவ்வொரு சுழலியின் மூன்று முகங்களையும் எந்திரம் சூடாயிருக்கையிலேயே அழுத்தச் சோதனை செய்யச் சொல்லுங்கள். விற்பவர் மறுத்தால் திரும்பிவிடுங்கள். பேணத் தெரிந்தவனுக்கு அது பந்தயக் குதிரை. மற்றவனுக்கோ, யானையைக் கட்டித் தீனி போட்ட கதைதான்!