நெஞ்சில் தேங்கும் சளி

சளி என்றால் முகம் சுளிக்கின்றோம். ஆனால் நாம் உள்ளிழுக்கும் தூசியையும் கிருமியையும் பிடித்து வைக்க அல்லாஹ் அமைத்துத் தந்த காவல் அதுதான். மூச்சுக் குழாய்களின் உட்சுவரில் கண்ணுக்குத் தெரியாத மயிரிழைகள் இருக்கின்றன. அவை இரவு பகலாக அசைந்து சளியைத் தொண்டை வரை தள்ளிவிடுகின்றன. சுகமாக இருப்பவருக்கு இது நடப்பதே தெரியாது.

காச நோயோ, சிறு வயதில் கக்குவானோ, கடும் நியுமோனியாவோ வந்து போன சிலருக்கு அந்தக் குழாய்கள் விரிந்து தளர்ந்து விடுகின்றன. பிரான்ஸ் நாட்டு வைத்தியர் லானெக் 1819 இல் இந்நோயை விவரித்து எழுதினார். இன்று வைத்தியர்கள் இதனை 'பிரொங்கியெக்டேசிஸ்' என்பர். மயிரிழைகள் அழிந்த இடத்தில் சளி தேங்கும். தேங்கிய சளியில் கிருமி பெருகும். கிருமி குழாயை மேலும் கெடுக்கும். கெட்ட குழாயில் இன்னும் சளி தேங்கும். விறகடுப்புப் புகையில் ஆயுளைக் கழித்த தாய்மாருக்கும், பீடி சிகரட் குடித்த ஆண்களுக்கும் வரும் நாட்பட்ட மார்புச் சளியும் ஏறத்தாழ இப்படிப்பட்டதே. மருந்து தேவைதான். எனினும் மருந்தோடு சளியை நாள்தோறும் வெளியேற்றவும் வேண்டும்.

இங்கேதான் நம் வீட்டுப் பெண்கள் சிரமப்படுகின்றனர். மருமகனின் வீட்டார் வந்திருக்கும்போது இருமக் கூச்சம். பிள்ளைகள் அருவருப்பார்களே என்ற பயம். அடக்கி அடக்கி, இரவில் எல்லோரும் உறங்கிய பின் குசினியில் குந்தியிருந்து விலா நோக இருமும் உம்மாமார் எத்தனை பேர்! விழுங்கிய சளி வயிற்றுக்குப் போய்விடும், அதனால் பெரிய தீங்கில்லை. இருமாமல் அடக்கிய சளி நுரையீரலிலேயே கிடந்து விடுகிறது.

விலா நோக இருமுவதும் சரியான வழியல்ல. கடுமையாக இருமும்போது மூச்சுக் குழாய்கள் நெருங்கி ஒட்டிக்கொள்ளும், சளி அதற்கப்பால் சிக்கிக்கொள்ளும். ஆஸ்பத்திரியில் இயன் மருத்துவர் சொல்லித் தரும் முறை மென்மையானது. தோளைத் தளர்த்தி நிமிர்ந்து உட்கார வேண்டும். வயிற்றில் கை வைத்து, ஒரு நிமிடம் போல அமைதியாக மூச்சு விட வேண்டும். பின்னர் மூன்று நான்கு முறை மெதுவாக ஆழ்ந்து இழுத்து, இரண்டு மூன்று விநாடி நிறுத்தி, வலிந்து ஊதாமல் விட்டுவிட வேண்டும். மீண்டும் அமைதியான மூச்சு. அதன் பிறகு வாயை நன்கு திறந்து 'ஹா' என்று காற்றை வெளியே தள்ள வேண்டும். மூக்குக் கண்ணாடியைத் துடைக்க அதில் ஆவி படும்படி ஊதுவோமே, அதுபோல, ஆனால் சற்றுப் பலமாக. குர்ஆன் மத்ரஸாவில் தொண்டையின் அடியிலிருந்து 'ஹா' எழுத்தை மொழியப் பழகியவர்களுக்கு இது கடினமாகாது. ஆழத்திலுள்ள சளிக்கு நடுத்தர மூச்செடுத்து நீளமாகவும், மேலே வந்துவிட்ட சளிக்கு நிறைய மூச்செடுத்துச் சுருக்கமாகவும் ஊத வேண்டும். ஒன்றிரண்டு 'ஹா'வுக்குப் பின் மீண்டும் அமைதியான மூச்சு. இப்படி மாறி மாறி, சளி வருவது ஓயும்வரை செய்யலாம். பெரும்பாலும் 10 முதல் 20 நிமிடம் போதும். களைத்துப் போனால் அதற்கு முன்னரே நிறுத்திவிடலாம். சாப்பிட்ட உடனே செய்யக்கூடாது. மூச்சுக் குழாயை விரிக்கும் பம்ப் தரப்பட்டிருந்தால் அதை முதலில் பாவிக்க வேண்டும்.

1901 இல் லண்டன் வைத்தியர் வில்லியம் இவார்ட், உடலைச் சாய்த்துக் கிடத்திச் சளியை வடியச் செய்வது பற்றி எழுதினார். கட்டிலின் கால் பக்கத்துக்குச் செங்கல் வைப்பது அந்த வழியில் வந்ததே. இருதய நோய், உயர் இரத்த அழுத்தம், நெஞ்செரிவு உள்ளவருக்கு இது ஆகாது. வைத்தியரைக் கேளாமல் செய்ய வேண்டாம்.

சுஜூதில் தலை தாழும்போதும் சிலருக்கு இருமல் கிளம்புகிறது. தன்னை மீறி வரும் சிறிதளவு இருமலால் தொழுகை முறியாது. எனினும் ஸுப்ஹுக்குச் சற்று முன்னரே எழுந்து நெஞ்சைச் சுத்தம் செய்துகொண்டால் நிம்மதியாகத் தொழலாம். நிற்க மூச்சு முட்டுபவர் உட்கார்ந்து தொழட்டும். நோன்பிருப்போர் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: வாய்க்கு வந்துவிட்ட சளியை, துப்ப முடிந்திருந்தும் விழுங்கினால் நோன்பு முறியும் என்பது ஷாஃபிஈ மத்ஹபின் தீர்ப்பு. உமிழ்நீருக்கு அது பொருந்தாது. ஆகவே ரமழானில் கூச்சப்பட்டு விழுங்குவதற்கு இடமே இல்லை.

மூடியுள்ள ஒரு சிறு பாத்திரம், கதவு சாத்திய ஓர் அறை, காலையில் அரை மணி நேரம் அடுப்படி வேலையிலிருந்து விடுதலை. வீட்டார் செய்து கொடுக்க வேண்டியது இவ்வளவே. அந்த அரை மணிக்குத் தேநீர் ஊற்றுவது மகனாக இருந்தால் என்ன? வெந்நீரோ கொத்தமல்லித் தண்ணீரோ தொண்டைக்கு இதமளிக்கும். ஆனால் அதுவே நோயைத் தீர்த்துவிடும் என்று மருந்தை விட்டுவிடக் கூடாது. இருமலை அடக்கும் பாணியைக் கடையில் தாமாக வாங்கிக் குடிப்பது இவர்களுக்குப் பொருத்தமல்ல.

துப்பியதைப் பார்க்கத் தயங்க வேண்டாம். வழக்கமான நிறம் மாறி மஞ்சளாகவோ பச்சையாகவோ அதிகரித்தாலும், காய்ச்சல் வந்தாலும் தாமதியாமல் வைத்தியரிடம் காட்ட வேண்டும். இரத்தம் கலந்தாலோ உதடு நீலம் பூத்தாலோ உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். இந்நோய் இல்லாத ஒருவருக்கும் இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தால் மாவட்ட மார்பு நோய்ச் சிகிச்சை நிலையத்தில் சளியைச் சோதித்துக் கொள்ளலாம். அதற்குப் பணம் எடுப்பதில்லை.